தொண்ணூற்று நான்காம் பக்கம்

சத்தி ரோட்டில் அன்னூர் பஸ் சரவணம்பட்டியில் நின்று கிளம்பிய ஐந்து நிமிடத்துக்குள் என் வீட்டு இரும்புக் கேட் கிரீச்சிடும். அடுத்து, மாடிப்படி அடியில் செருப்புக் கழற்றும் சத்தம். அப்புறம், "மேடம், வரலாங்களா?" சனி, ஞாயிறு சாயங்காலம் ஐந்தரை மணி என்றால் இதுதான் வரிசை. 2014-ல் கல்லூரி வேலையை விட்டதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. வருகிறவர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். அதற்குள் ஸ்பைரல் பைண்டிங் போட்ட தீசிஸ் இருக்கும், இல்லையென்றால் ஜர்னல் திருப்பி அனுப்பிய பேப்பர், அதுவும் இல்லையென்றால் அடுத்த வாரம் டி.சி. என்கிற டாக்டோரல் கமிட்டி மீட்டிங்கில் காட்ட வேண்டிய பிபிடி. முகத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே களை. ஏதோ தப்புச் செய்துவிட்டு ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நிற்கிற பிள்ளையின் களை. முப்பத்தைந்து வயதில், இரண்டு குழந்தைக்குத் தகப்பனான ஒருவர் முகத்தில் அதைப் பார்க்க இன்றைக்கும் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சி மாணவர் என்றால் பெரும்பாலும் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பார்ட் டைமாகப் பதிவு செய்தவர். 1984-ல் சின்னவேடம்பட்டிப் பக்கம் குமரகுரு கல்லூரி தொடங்கிய காலத்தில் இங்கே சுற்றிலும் சோளக்காடு. பிறகு சத்தி ரோட்டின் இரு பக்கமும் கல்லூரிகள் வந்தன, கீரணத்தத்தில் ஐ.டி. கம்பெனிகள் வந்தன, 2011-ல் சரவணம்பட்டி கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. கல்லூரிகள் பெருகியதும் அவற்றுக்குள் போட்டியும் பெருகியது. 2016-லிருந்து என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வருடா வருடம் வருகிறது. ஆசிரியர்களில் எத்தனை பேர் பி.எச்டி. முடித்தவர்கள் என்பதும் அதில் ஒரு கணக்கு. அன்றிலிருந்து ஸ்டாஃப் ரூமில் யாரைப் பார்த்தாலும் "எப்ப முடிக்கிறீங்க?" என்பதே விசாரிப்பு. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு, லேப், அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் போய் பிள்ளை சேர்ப்பது, இத்தனைக்கும் நடுவில் ஒருவர் உலகத்துக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதை ஆங்கிலத்தில் எழுதவும் வேண்டும்.

நான் இருபத்திரண்டு வருடம் இஞ்சினியரிங் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தியவள். படித்ததோ கோவில்பாளையம் அரசுப் பள்ளியில், தமிழ் மீடியத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் கடன், 'கலைக்கதிர்' பத்திரிகைக்கு ஒரு சந்தா. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வராக இருந்த ஜி.ஆர்.தாமோதரன் கோயம்புத்தூரிலிருந்து நடத்திய அறிவியல் மாத இதழ் அது. வயலில் இருந்து வந்து கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பா அதை வாய்விட்டுப் படிப்பார். அம்மாவுக்கும் எனக்கும் அது கதை கேட்பது மாதிரி. விஞ்ஞானத்தைத் தமிழில், கேட்கிறவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியும் என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அது என் தொழிலாகவே ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் வருடம் நான் செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். இலக்கணப் பிழை திருத்துவதுதான் என் வேலை என்று நினைத்தேன். அதிலிருந்து, வாக்கியத்தையே மாற்றி எழுதுவதற்குப் போனேன். கடைசியில் ஒருவருடைய பேப்பர் முழுவதையும் அவருடைய லேப்டாப்பில் நானே உட்கார்ந்து எழுதினேன். நல்ல மனிதர், அப்பா இல்லாத குடும்பம், தங்கை கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இரக்கத்தில் செய்தேன். பேப்பர் நல்ல ஜர்னலில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதுவே தீசிஸில் ஒரு அத்தியாயமும் ஆனது. வைவா அன்று என்னையும் அழைத்திருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், முடிவுரையில் ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டி, "இதில் என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அது என்னுடைய வாக்கியம். பதில் சொல்ல வேண்டியவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஹால் முழுக்க அமைதி. தேர்வாளர் பெரிய மனசுக்காரர், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பட்டம் கிடைத்தது. பொன்னாடை போட்டார்கள், விருந்து வைத்தார்கள். எனக்கு இலையில் கை போகவில்லை. ஒருவர் ஐந்து வருடம் உழைத்துச் சேர்த்ததைப் பற்றிப் பேச அவருக்கே வாய் இல்லாமல் செய்துவிட்டேன். அன்றிலிருந்து யாருடைய லேப்டாப்பையும் நான் தொடுவதில்லை. பிரிண்ட் எடுத்து வரச் சொல்வேன், என் கையில் பென்சில் மட்டும்தான். பென்சிலாலும் வாக்கியம் எழுத மாட்டேன், ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுவேன்.

கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கணபதிக்காரர் ஒருவர். மெக்கானிக்கல் துறையில் உதவிப் பேராசிரியர். அவருடைய அப்பா கணபதியில் ஒரு பவுண்டரியில் முப்பது வருடம் மோல்டர். கோயம்புத்தூர் பம்ப் செட் ஊரெல்லாம் போகிறதே, அந்தப் பம்ப்பின் உடம்பு வார்க்கிற மாதிரியான சின்னப் பவுண்டரி. மகன் எடுத்த ஆராய்ச்சியும் அதில்தான், வார்ப்பில் விழுகிற ஓட்டை பற்றி. மணலில் பென்டோனைட் களிமண்ணும் தண்ணீரும் கலந்து, அந்தப் பச்சை மணலைப் பெட்டியில் அடைத்து அச்சு பிடிப்பார்கள். வார்ப்புக்குள் குழிவு வர வேண்டிய இடத்தில் கோர் என்கிற மணல் கட்டியை வைத்துப் பெட்டியை மூடுவார்கள். அதற்குள் 1,350 டிகிரிக்கு மேல் காய்ச்சிய இரும்புக் குழம்பை ஊற்றுவார்கள். மணலில் இருக்கிற ஈரம் ஒரே நொடியில் ஆவியாகும். அது வெளியேற வழியில்லாவிட்டால் இரும்புக்குள் குமிழியாகச் சிக்கிக்கொள்ளும். பார்த்தால் தெரியாது, கடைசல் பிடிக்கும்போது ஓட்டை திறக்கும். அதுவரை போட்ட கூலி, கரண்டு, இரும்பு எல்லாம் அதோடு போச்சு. ப்ளோ ஹோல் என்பது அதுதான்.

அவர் கொண்டுவந்த தீசிஸ் 160 பக்கத்துக்கு மேல். டகுச்சி முறை, எல்-27 அட்டவணை, நியூரல் நெட்வொர்க் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. படித்து முடித்தபோது அவர் என்ன கண்டுபிடித்தார் என்று எனக்குப் புரியவில்லை. விஞ்ஞானம் தெரியாத குறை என்னிடம்தானோ என்று மறுபடி படித்தேன். அப்போதும் புரியவில்லை.

"என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"டிலே டைம் பராமீட்டர் வந்துங் மேடம், சிக்னிஃபிகன்ட் இன்ஃப்ளுயன்ஸ்..."

"அது எழுதியிருக்குது. பவுண்டரியில நின்னு நீங்க கண்ணால என்ன பார்த்தீங்க?"

அவர் பேசவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு குரலே மாறிவிட்டது. அது வீட்டில் பேசுகிற குரல்.

"இல்லீங் மேடம்... மத்தியானச் சோத்துக்கு முன்னாடி மூடி வெச்ச பொட்டி இருக்குதுங்களே, அதைச் சாப்புட்டு வந்து ஊத்துனாத்தானுங்க ஓட்டை அதிகமா வருது. மூடுன கையோட ஊத்துனா அத்தனை வர்றதில்லீங்."

"எதனால?"

"உள்ள கோர் இருக்குதுங்கல்ல, அது சும்மா மூடிக் கெடக்கறப்ப பச்ச மணல்ல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக்குதுங்க."

"இது உங்க தீசிஸ்ல எந்தப் பக்கத்துல இருக்குது?"

புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். தொண்ணூற்று நான்காம் பக்கத்தில், ஒரு அட்டவணைக்குக் கீழே, மூன்றாவது பத்தியின் நடுவில் இருந்தது. அதிலும் மத்தியானம் இல்லை, சோறு இல்லை, பெட்டி மூடிக் கிடந்தது என்பதுகூட இல்லை. டிலே டைம் மட்டும் இருந்தது. சின்னப் பவுண்டரி வைத்திருக்கிற யாரும் நாளைக்கே வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு விஷயம். நாலரை வருட உழைப்பின் பலன். அதை இவரே தன் கையால் அங்கே புதைத்து வைத்திருக்கிறார்.

"முதல் பக்கத்துல இதைச் சொல்லியிருக்கலாமே?"

"இவ்வளவு சிம்பிளாச் சொன்னா பி.எச்டி. குடுப்பாங்களா மேடம்?"

அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எத்தனையோ வாயிலிருந்து கேட்டுவிட்டேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை ஆங்கிலம் இரண்டாவது கஷ்டம்தான். நான் பார்த்தேன், எனக்குத் தெரியும், இது என் கணக்கு என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் அதை யாரும் இவர்களுக்குப் பழக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் அடங்கிப் பேசிப் பழகியவர்கள், தேர்வாளர் முன்னாலும் அடங்கியே எழுதுகிறார்கள். கடினமான சொற்களுக்குப் பின்னால் மறைந்துகொண்டால் யாரும் கை நீட்டிக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அவரை முதலில் தமிழில் எழுதச் சொன்னேன். அப்பாவுக்கு எழுதுவது மாதிரி ஒரு பக்கம். அடுத்த வாரம் ஒரு புரொடக்‌ஷன் ஷீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார். பதினொரு வரி. அதில் எல்லாமே இருந்தது. அந்தப் பதினொரு வரியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக இன்னும் ஐந்து வாரம் ஆனது. அவரே கொண்டுபோனார். ஓரத்தில் நான் கேள்வி மட்டும் போட்டேன்: எந்தப் பொட்டி? எத்தனை நிமிஷம்? யார் பார்த்தது?

இந்த மறைந்துகொள்ளும் பழக்கத்தைக் காசாக்கவே ஒரு சந்தை இருக்கிறது. ஊருக்குள் புராஜெக்ட் சென்டர் என்று போர்டு மாட்டியிருப்பார்கள், உள்ளே போனால் தீசிஸும் எழுதித் தருவார்கள். காசு கட்டினால் மூன்றே நாளில் ஏற்றுக்கொள்கிற போலி ஜர்னல்கள் ஒரு பக்கம், நல்ல ஜர்னலின் பெயரையே வைத்து நகல் வெப்சைட் நடத்துகிறவர்கள் ஒரு பக்கம். என்னிடம் வந்த ஒருவர் மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பதினெட்டாயிரம் கட்டியிருந்தார். விசாரித்தால், அந்தப் பெயரில் உண்மையான ஜர்னல் வேறொரு நாட்டில் இருக்கிறது, இவர் கட்டியது யாருக்கோ. அவர் என் முன்னால் உட்கார்ந்து செல்போனில் அந்த ஏற்புக் கடிதத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பேப்பர் எண்ணிக்கையைக் காட்டினால்தான் அடுத்த படி என்று ஒருவரை ஓட வைத்துவிட்டு, குழியில் விழுந்ததும் அவரைப் பார்த்துச் சிரிப்பது நியாயமில்லை. நல்ல ஜர்னல்களைப் பட்டியல் போட யு.ஜி.சி. கொண்டுவந்த 'கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். இனி எது நல்லது, எது போலி என்று அவரவரே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் இப்போது முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன்: ஆசிரியர் குழுவில் இருக்கிற இரண்டு பேருக்கு நேராக மெயில் போட்டுக் கேளுங்கள், பழைய இதழ் மூன்றைத் திறந்து படியுங்கள், காசைப் பற்றி முதல் மெயிலிலேயே பேசினால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

காப்பி அடிப்பதற்கு எதிராக யு.ஜி.சி. 2018-ல் விதி கொண்டுவந்தது. பத்து சதவீதத்துக்குள் ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. நோக்கம் நல்லது. ஆனால் அந்தப் பத்தை எட்டிப் பிடிக்க, சொல்லை மட்டும் மாற்றிப் போடும் சாஃப்ட்வேரில் தீசிஸைப் போட்டு எடுக்கிறார்கள். பிரான்ஸில் கியோம் கபனாக் என்ற ஆய்வாளரும் அவருடைய நண்பர்களும் 2021-ல் இப்படிப்பட்ட சிதைந்த சொற்றொடர்களை நூற்றுக்கணக்கான பேப்பர்களில் தோண்டி எடுத்தார்கள். செயற்கை நுண்ணறிவைக் குறிக்கிற ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ், 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்' ஆகியிருந்தது. ப்ரெஸ்ட் கேன்சர் 'பூசம் பெரில்' ஆகியிருந்தது. புற்றுநோயைப் பற்றி எழுதுகிற ஒருவர், அந்த நோயின் பெயரையே காணாமல் அடித்துவிட்டார். ஏ.ஐ. வந்த பிறகு அந்த அலங்கோலம் குறைந்திருக்கிறது. பிழையில்லாத, வழவழப்பான ஆங்கிலத்தில் பேப்பர் வருகிறது. எனக்கோ வேலை கூடித்தான் போயிருக்கிறது. தொண்ணூற்று நான்காம் பக்கம் இப்போது இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது.

குரும்பபாளையத்திலிருந்து ஒரு பெண் வருவாள். வேதியியல். திருப்பூர்ச் சாயத் தண்ணீரில் நிறத்தை எடுப்பது பற்றிய ஆராய்ச்சி. அவளுடைய பிறந்த ஊர் நொய்யல் ஓரம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது அவள் பிளஸ் ஒன். அவளுடைய அப்பாவுக்கு அதில்தான் வேலை. சாயம் கலந்த அந்த ஆற்றுத் தண்ணீரால் அப்பிச்சியின் தென்னந்தோப்பு கெட்டதையும் பார்த்தவள். ஆக, அந்தத் தண்ணீர் அவளுக்கு வெறும் சாம்பிள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் சிவந்து வந்தாள். ரிவியூவர் ஒன்பது குறை சொல்லியிருக்கிறார், பேப்பர் போச்சு என்றாள். வாங்கிப் பார்த்தேன். மேஜர் ரிவிஷன். "கண்ணு, இது நல்ல சேதி. போச்சுன்னா ஒரே வரியில அனுப்பியிருப்பாங்க. ஒன்பது குறை எழுதறதுக்கு ஒருத்தர் உக்காந்து உன் பேப்பரை முழுசாப் படிச்சிருக்கறாரு" என்றேன். தையல் கத்தரிக்கோலை எடுத்து, ஒன்பது குறையையும் தனித்தனித் துண்டாக வெட்டினோம். பாயில் பரப்பினோம். ஒரே நாளில் சரி செய்யக்கூடியவை ஐந்து. லேப்பில் மறுபடி செய்து பார்க்க வேண்டியவை மூன்று. கடைசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல அவர் சொல்றது தப்புங் மேடம். எங்க தண்ணியில உப்பு ஜாஸ்தி. அவர் சொல்ற மெத்தேடு இங்க வேலைக்காகாது. நான் போட்டுப் பார்த்திருக்கறேன்."

"அப்ப அதையே எழுது."

"ரிவியூவரை எதிர்த்துப் பேசலாங்களா?"

கல்யாணமாகி வந்த வீட்டில் மாமனார் முன்னால் உட்காரக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண் அவள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அன்றைக்கு இரண்டு மணி நேரம் அந்த ஒரு துண்டுக்கே போனது. நன்றி சொல்லித் தொடங்கு, அவர் சொன்னது எந்த இடத்தில் சரி என்று ஒப்புக்கொள், அப்புறம் உன் தண்ணீரின் உப்புக் கணக்கை வை, நீ போட்டுப் பார்த்த அட்டவணையை வை, அதோடு நிறுத்து. கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். அவள் எழுதியது மூன்று வரி. இரண்டாவது சுற்றில் அந்த ரிவியூவர் அதை ஏற்றுக்கொண்டார். மூன்றாவது சுற்றில் பேப்பர் வெளிவந்தது.

அவளுக்கு மூத்த குழந்தை பிறந்தபோது நாற்பதாவது நாளே லேப்புக்கு வந்திருக்கிறாள். லீவு கேட்டால் பதிவு போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பி.எச்டி. காலத்தில் பெண்களுக்கு 240 நாள் வரை பேறுகால விடுப்பு உண்டு, முடிக்கக் கூடுதலாக இரண்டு வருடமும் உண்டு என்று யு.ஜி.சி. 2016-லேயே விதி போட்டிருக்கிறது. அவளுக்கு அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. நல்ல தண்ணி வருகிற நாளில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, குடம் நிறைகிற நேரத்தில் வாசல்படியில் லேப்டாப்பை வைத்து எழுதினவள் அவள். அவளிடமிருந்து ஒரு விதி மறைக்கப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்த விதியை அச்செடுத்து என் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். வருகிற பெண்கள் எல்லாரையும் முதலில் அதைப் படிக்க வைக்கிறேன்.

படிப்பு முடிந்த பிறகு என்ன என்பது இன்னொரு கவலை. எல்லாருக்கும் பேராசிரியர் நாற்காலி இல்லை. 2023 ஜூலையில் யு.ஜி.சி., உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது செட் போதும், பி.எச்டி. கட்டாயமில்லை என்று அறிவித்தபோது என் மாடியில் ஒரு சாயங்காலம் முழுக்க யாரும் பேசவில்லை. சிலர் எதிர்ப்பக்கத்து ஐ.டி. கம்பெனிகளுக்கே போனார்கள். எட்டுப் பக்க பயோடேட்டாவை இரண்டு பக்கமாகச் சுருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். போன இடத்தில் நன்றாக இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் போஸ்ட்டாக் போக விரும்புகிறவர்களின் கடிதம்தான் ரொம்ப நேரம் எடுக்கும். கோபியிலிருந்து வந்த ஒரு பையன் அறுபது பேராசிரியர்களுக்கு ஒரே மெயிலை அனுப்பிவிட்டு, ஒரு பதிலும் வராமல் வந்தான். 'மாண்புமிகு', 'தங்கள் பொற்பாதம்' என்கிற மாதிரியான ஆங்கிலம். அவனுக்கு நம் ஈரோட்டுக்காரர் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஈரோட்டில் அம்மா வழித் தாத்தா வீட்டில் பிறந்த ராமானுஜன், 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார். தான் சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் கிளார்க், வருடச் சம்பளம் 20 பவுண்டு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. இதை மறைக்காமல் முதலிலேயே சொன்னார். அடுத்து, தான் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னார். ஏறத்தாழ 120 தேற்றங்களை இணைத்து வைத்தார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் அங்கிருந்து உதவி கிடைக்கவில்லை. மூன்றாவது ஆள் படித்தார்.

"என்னால தேற்றமெல்லாம் அனுப்ப முடியாதுங் மேடம்" என்றான்.

"உன் பொட்டியில என்ன இருக்குதோ அதை அனுப்பு சாமி. ஆனா அவங்க பேப்பரைப் படிச்சுட்டு அனுப்பு. அறுபது வேண்டாம், ஆறு பேர் போதும்."

ஆறு கடிதத்துக்கு இரண்டு மாதம் ஆனது. ஒவ்வொருவருடைய மூன்று பேப்பரையாவது படித்து, எந்த இடத்தில் தன் வேலை போய்ச் சேரும் என்று எழுதினான். இரண்டு பேர் பதில் போட்டார்கள். இப்போது தைவானில் இருக்கிறான்.

கணபதிக்காரர் கதையை நடுவில் விட்டுவிட்டேன். சினாப்சிஸுக்கு முன்னால் என் மாடியில் ஒரு ஒத்திகை வைப்பது வழக்கம். மூன்று நிமிடம், ஒரே ஒரு ஸ்லைடு. இது என் யோசனை இல்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008-ல் தொடங்கிய போட்டி. அங்கே கடும் வறட்சி. குளிக்கிற நேரத்தை அளந்துகொள்ளுங்கள் என்று சொன்னதால், பலர் குளியலறையில் மூன்று நிமிட மணல் கடிகாரம் வைத்திருந்த காலம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆலன் லாசன் என்ற பேராசிரியருக்கு, மூன்று நிமிடத்தில் தீசிஸைச் சொல்ல முடியாதா என்று தோன்றியதாம். கோடையில் குடத்தை எண்ணிக் குளித்து வளர்ந்த நமக்கு அந்த மூன்று நிமிடம் நன்றாகவே புரியும். நான் சேர்த்துக்கொண்ட ஒரே மாற்றம், கேட்க வருகிறவர்களில் ஒருவராவது வீட்டு ஆளாக இருக்க வேண்டும், தமிழில் சொல்ல வேண்டும்.

அவர் அப்பாவை அழைத்து வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இடது முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு. நாற்காலி போட்டும் விளிம்பிலேயே உட்கார்ந்தார். மகன் நின்று சொல்லத் தொடங்கினார். மத்தியானச் சோறு, மூடிய பொட்டி, ஈரம் குடிக்கிற கோர். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். வலது கை மட்டும் மடியில் மூடி மூடித் திறந்தது. மணலை ஒரு பிடி எடுத்து அமுக்கி, ஒடித்துப் பார்த்து ஈரம் சொல்கிற பழக்கம் அது. முப்பது வருடப் பழக்கம், மணல் இல்லாமலே கை அதைச் செய்தது.

முடிந்ததும், "ஏதாச்சும் கேக்கறதுன்னா கேளுங்க" என்றேன்.

"நமக்கென்னங்க தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மகனைப் பார்த்து, "இந்தக் கணக்கெல்லாம் எப்பக் கண்ணு எடுத்தே?" என்றார்.

"மாசியில இருந்து வைகாசி வரைக்கும்ப்பா."

"அது கோடையில்ல. ஐப்பசி மழையில காத்தே ஈரமா இருக்குமே, அப்ப என்னாகும்னு பாத்தியா?"

மகன் பார்க்கவில்லை. கைடு கேட்கவில்லை, டி.சி. மீட்டிங்கில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய கணக்கு முழுவதும் வறண்ட மாதங்களில் எடுத்தது. மறுபடி எடுக்க நேரமில்லை. அன்று இரவு பத்து மணிக்குப் போன் செய்தார். இதை எழுதாமல் விட்டுவிடட்டுமா, எழுதினால் குறையைக் காட்டிக்கொடுத்தது போல ஆகாதா என்றார். நான் பதில் சொல்லவில்லை. உங்கள் அப்பாவுக்கு நாளைக்கு என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

கடைசி அத்தியாயத்தில் அவரே ஒரு பத்தி எழுதிச் சேர்த்தார். இந்த முடிவுகள் கோடை மாதங்களுக்கு உரியவை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சோதிக்கப்படவில்லை, சோதிக்க வேண்டும். வைவாவில் வெளித் தேர்வாளர் அந்தப் பத்தியிலேயே நின்றார். மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். "தெரியாது சார், ஓட்டை கூடும்னு எதிர்பார்க்கிறேன், அளந்து பார்க்கலை" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். குரல் நடுங்கவில்லை. நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தீசிஸில் நன்றியுரைப் பக்கத்தை மட்டும் நான் பார்ப்பதும் இல்லை, கேள்வி போடுவதும் இல்லை. அது அவரவர் வீட்டு விஷயம். அவருடையதை, தீசிஸ்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற ஷோத்கங்காவில் ஏற்றிய பிறகுதான் படித்தேன். நிர்வாகம், முதல்வர், கைடு, லேப் உதவியாளர்கள், மனைவி, குழந்தைகள் என்று வழக்கமான வரிசைதான். கடைசி வரியில், மழைக்காலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதற்காகத் தன் அப்பாவுக்கு நன்றி சொல்லி, அவர் பெயருக்குப் பக்கத்தில் மோல்டர் என்று தொழிலையும் போட்டிருந்தார்.

அந்த வருட ஐப்பசியில் அப்பாவும் மகனும் அதே பவுண்டரிக்குப் போய், மழை பிடித்த நாட்களில் அளவு எடுத்தார்கள். அதை வைத்து மகன் எழுதிய பேப்பர் இப்போது என் மேஜையில் இருக்கிறது. இரண்டாவது பக்க ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்வி போட்டிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறார்.